வானம் தெளிந்த நாளில் வலை காலியாக இருப்பது ஏன்? போர்ட்லண்ட் பறவை ஆய்வு நிலையம் பற்றி ஓர் ஐயம்

நத்தைகுத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் பறவை பார்த்துப் பழகிய நான், வேலை நிமித்தமாக இப்போது இங்கிலாந்தின் தென்பகுதியில் வசிக்கிறேன். சென்ற ஏப்ரல் நடுவில், டார்செட் கரையிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் நீண்டிருக்கும் போர்ட்லண்ட் தீவின் தென்முனைக்குச் சென்று, அங்குள்ள பறவை ஆய்வு நிலையத்தில் தங்கினேன். பழைய கலங்கரை விளக்கம் ஒன்றில் 1961 முதல் அந்த நிலையம் இயங்கி வருகிறது. பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் இட்டு விடுவதையும், வலசை போகும் பறவைகளைக் கண்ணால் எண்ணிப் பதிவு செய்வதையும் ஒரு நாள் முழுவதும் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

முந்தைய இரவு வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தெற்கிலிருந்து இதமான காற்றும் வீசியது. பறவைகள் தெற்கிலிருந்துதானே வருகின்றன, காற்றும் துணைக்கு இருக்கிறது, காலையில் தோட்டம் நிரம்பிவிடும் என்று எண்ணி விடியுமுன் எழுந்து காத்திருந்தேன். வலையில் சிக்கியவையோ மிகச் சில. நிலையத்தில் இருந்தவர்கள் வியப்படையவே இல்லை. எல்லாம் மேலேயே போய்விட்டன என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடச் சென்றார்கள். நான் ஊர் திரும்பிய பின், தூறலும் கிழக்குக் காற்றுமாக இருந்த ஒரு காலையில், அதே தோட்டத்தில் புதருக்குப் புதர் வில்லோ வார்ப்ளர் என்னும் சிறு பறவைகள் இருந்ததாக அவர்களுடைய அன்றாடப் பதிவில் படித்தேன்.

நல்ல வானிலையில் பறவை இல்லை, மோசமான வானிலையில் நிறைகிறது என்றால், இவர்கள் எழுதிவைக்கும் எண்கள் பறவைகளின் அளவைக் காட்டுகின்றனவா, வானிலையைக் காட்டுகின்றனவா? எட்டு ஒன்பது கிராம் எடையுள்ள ஒரு பறவையை வலையில் பிடித்து வளையம் இடும் அளவுக்கு அதில் பயன் இருக்கிறதா? கண்ணால் எண்ணுவது போதாதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உப்பங்கழி எழுதியது:

வணக்கம் நண்பரே. நிலையத்தார் சொன்னது சரிதான். வில்லோ வார்ப்ளர், சிஃப்சாஃப், பிளாக்கேப் போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் வலசை போகின்றன. பிரான்சின் வடகரையில் பகலைக் கழித்த பறவை, இருட்டிய பின் கிளம்புகிறது. கால்வாயின் அகலம் போர்ட்லண்டுக்கு நேராக நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பறவைக்கு அது ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். பின்காற்று இருந்தால் இன்னும் குறையும். ஆக, நீங்கள் உறங்கிக்கொண்டிருந்த நள்ளிரவிலேயே அவை உங்கள் தலைக்கு மேல் கடந்திருக்கும். வானம் தெளிவு, விண்மீன்கள் தெரிகின்றன, உடலில் கொழுப்பு மிச்சம் இருக்கிறது, விடிய இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. அந்த நிலையில் உப்புக்காற்று வீசும் ஒரு பாறைமுனையில் இறங்க அவற்றுக்கு எந்தக் காரணமும் இல்லை. விடியும்போது அவை உள்நாட்டில் ஏதோ ஒரு காட்டில் இறங்கியிருக்கும்.

இதற்கு மாறான நிலையை எண்ணிப் பாருங்கள். பிரான்சில் மாலை தெளிவாக இருந்ததால் பறவைகள் கிளம்பிவிட்டன. பாதி வழியில் மேகம் தாழ்ந்து, தூறல் பிடித்து, எதிர்க்காற்றோ பக்கவாட்டுக் காற்றோ வலுக்கிறது. வேகம் குறைகிறது, திசையும் தடுமாறுகிறது. விடியும் நேரத்தில் கீழே தெரியும் முதல் நிலத்தில் அத்தனையும் இறங்குகின்றன. தென்கரையில் அந்த முதல் நிலம் பெரும்பாலும் கடலுக்குள் நீண்டிருக்கும் முனையாகத்தான் இருக்கும். ஆய்வு நிலையங்களை இப்படிப்பட்ட முனைகளிலும் தீவுகளிலும் அமைத்ததற்குக் காரணமே இதுதான். கென்ட் கரையின் கூழாங்கல் முனையான டஞ்செனஸில் 1952இலும், யார்க்‌ஷையரின் மணல் நாக்கான ஸ்பர்னில் 1946இலும் நிலையங்கள் தொடங்கப்பட்டன. அதற்கும் முன்பே, 1933இல், வேல்ஸ் கரையோரத் தீவான ஸ்கோக்கமில் ரொனால்ட் லாக்லி பிரிட்டனின் முதல் பறவை ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார்.

எனவே, ஒரு நாளின் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தால் உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. அது வானிலையைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது. பெரும் வரவு நிகழ்ந்த காலையைப் பறவை ஆர்வலர்கள் கொண்டாடுகிறோம், ஆனால் பறவைகளின் கணக்கில் அது துன்பம் மிகுந்த இரவின் மறுநாள். ஒரு நாளை விட்டுவிட்டு, அதே தோட்டம், அதே பாதை, அதே நேரம் என்று பல பத்தாண்டுகளின் வசந்தங்களை அடுக்கி வைத்தால் வானிலையின் ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கிவிடுகிறது. ஒவ்வோர் இனமும் முதலில் வந்த நாள், வரவு உச்சத்தை எட்டிய வாரம், ஆண்டுக்காண்டு ஏறியதா இறங்கியதா என்பவை அப்போது தெரியத் தொடங்கும்.

தாழைக்கோழி எழுதியது:

நான் இங்கிலாந்தின் வேறொரு கரையோர நிலையத்தில் வளையமிடப் பயிற்சி பெற்று வருகிறேன். இந்த நாட்டில் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை வழங்கும் உரிமம் இல்லாமல் யாரும் வளையமிட முடியாது, அந்த உரிமமும் பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் நெடுங்காலம் பழகிய பிறகே கிடைக்கும். நண்பரின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது எண்ணினால் போதாதா என்பதற்கு, மேசையில் நடப்பதைச் சொல்வதே நல்ல விடையாக இருக்கும்.

மிஸ்ட் நெட் என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய கருநிற வலை. ஜப்பானிலிருந்து வந்த இவ்வகை வலைகள் 1950களின் நடுவில்தான் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் பெரிய கம்பிவலைப் புனல்களுக்குள் பறவைகளை ஓட்டிப் பிடித்தார்கள். ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவில் உருவானதால் அதற்கு ஹெல்கோலாந்து பொறி என்று பெயர், சில நிலையங்களில் இன்றும் இருக்கிறது. இருபது முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை வலைகளைச் சுற்றி வருவோம். மழை வந்தாலும் காற்று வலுத்தாலும் வலைகளை உடனே சுருட்டிவிடுவோம். சிக்கிய பறவையை, அது எந்தப் பக்கத்திலிருந்து வலைக்குள் வந்ததோ அந்தப் பக்கத்திலிருந்தே, முதலில் கால்களை விடுவித்து எடுக்க வேண்டும். பயிற்சியில் மிகக் கடினமான பகுதி இதுதான். பிறகு துணிப்பையில் இட்டு மேசைக்குக் கொண்டு வருவோம்.

மேசையில் முதல் வேலை வளையம். அலுமினியத்தாலான அந்த வளையத்தின் எடை பறவையின் எடையில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. அடுத்தது இனத்தை உறுதி செய்வது. வில்லோ வார்ப்ளரும் சிஃப்சாஃபும் பாடாமல் இருந்தால் புதரில் பிரித்தறிவது எளிதன்று. கையில் இருக்கும்போதோ, இறக்கையை விரித்து, அதன் நுனிப்பகுதியில் உள்ள நீண்ட சிறகுகளான முதன்மைச் சிறகுகளில் வெளியிலிருந்து ஆறாவதைப் பார்த்தால் போதும். அதன் வெளிவிளிம்பு நுனிப்பக்கம் குறுகியிருந்தால் சிஃப்சாஃப், குறுகாமல் நேராக இருந்தால் வில்லோ வார்ப்ளர். பிறகு இறக்கையின் நீளம். பிறகு, கழுத்துக்குக் கீழே கவை எலும்பின் குழியில் உள்ள இறகுகளை வாயால் மெல்ல ஊதி விலக்கிப் பார்ப்போம். தோல் கண்ணாடி போல் இருப்பதால் உள்ளே கொழுப்பு மஞ்சளாகப் படிந்திருப்பதும், அது தீர்ந்துபோய்ச் செந்தசை மட்டும் தெரிவதும் வெறும் கண்ணுக்கே புலனாகும். கடைசியாக, பழைய புகைப்படச் சுருள் டப்பியில் தலைகீழாக நிற்கவைத்து எடை பார்த்து, கதவோரம் கொண்டுபோய் விட்டுவிடுவோம். பழகிய கைக்கு இவ்வளவும் ஓரிரு நிமிட வேலை.

எண்ணிக்கையால் கிடைக்காதது இங்கேதான் கிடைக்கிறது. வில்லோ வார்ப்ளரில் ஆணின் இறக்கை பெண்ணின் இறக்கையைவிடச் சற்று நீளமானது. நிறத்தில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ஏப்ரல் முதல் பாதியில் பிடிபடுபவற்றில் நீண்ட இறக்கைகளே மிகுதி. நாள் செல்லச் செல்லக் குட்டை இறக்கைகள் கூடுகின்றன. ஆண்கள் முந்தி வந்து இடம் பிடிப்பதை ஓர் அளவுகோல் காட்டிக் கொடுக்கிறது. அதே பறவைகளைத் தொலைநோக்கியால் எண்ணியவருக்கு இது ஒருபோதும் தெரிந்திருக்காது. பிளாக்கேப்பில் பெருமறை இறகுகளின் (இறக்கையின் நீண்ட சிறகுகளின் அடியை மூடியிருக்கும் இறகுகள்) நிற வேறுபாட்டைக் கொண்டு, சென்ற ஆண்டு பிறந்ததா அதற்கு முன்னரே பிறந்ததா என்று வசந்தத்திலும் சொல்லிவிடலாம். எல்லா இனங்களிலும் இது முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வில்லோ வார்ப்ளர் ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும்போது எல்லா இறகுகளையும் புதுப்பித்துக்கொண்டு வருவதால் வசந்தத்தில் அதன் வயது கையில் பிடித்தாலும் தெரியாது. ‘இவ்வாண்டு பிறந்ததன்று’ என்ற குறியீட்டோடு நிறுத்திக்கொள்வோம்.

பறவைக்குத் தீங்கு உண்டா என்ற கேள்வி யாருக்கும் எழ வேண்டியதே. வட அமெரிக்க நிலையங்களின் பதிவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வில், ஆயிரம் முறை பிடித்தால் ஏறத்தாழ ஆறு முறை காயமும் இரண்டு முறை இறப்பும் நேர்ந்திருந்தன. குறைவுதான், ஆனால் சுழியம் அன்று. அதனால்தான் எதற்காகப் பிடிக்கிறோம் என்ற தெளிவு இல்லாமல் வலை விரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதற்காக ஒலிப்பதிவைப் போட்டுப் பறவைகளை வலைக்கு அழைப்பதும் அப்படித்தான். ஒலி போட்ட ஆண்டையும் போடாத ஆண்டையும் ஒப்பிடவே முடியாது.

நத்தைகுத்தி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இறக்கை நீளத்தைக் குறித்துக்கொண்டே வந்தார்கள், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை; இப்போது புரிகிறது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. அன்று காலை ஏழு மணி முதல் ஒருவர் கடலைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். தொலைவில் கோடாகச் சென்ற சில கறுப்பு வாத்துகளைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வளையமிட்ட பறவைகளில் எத்தனைதான் மீண்டும் கிடைக்கின்றன என்பதையும் யாராவது சொல்ல முடியுமா?

ஆலா எழுதியது:

அந்தக் கறுப்பு வாத்துகள் ஸ்கோட்டர்களாக இருந்திருக்கும். ஏப்ரலில் அவை கால்வாய் வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்று வடகடலை அடைகின்றன. கடற்கணக்கு எடுப்பவர் தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்றின் திசை, பார்வைத் தெளிவு ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுவார். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று கணக்கிட்டால்தான் இன்றையும் நாளையையும் ஒப்பிட முடியும். ஒன்றும் போகாத ஒரு மணி நேரத்தையும் எழுதிவைப்பார். புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

இங்கும் காற்றின் ஆட்சிதான், ஆனால் வேறு விதமாக. வசந்தத்தில் தென்கிழக்குக் காற்று வீசினால், கால்வாயின் நடுவே போக வேண்டிய பறவைகள் ஆங்கிலக் கரைப்பக்கம் ஒதுங்கிப் போகின்றன. ஏப்ரல் கடைசி வாரத்தில் அப்படி ஒரு காற்று அமைந்தால் டஞ்செனஸில் பட்டைவால் மூக்கன்கள் என்னும் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கடந்து செல்வதைப் பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில், குறிப்பாக மொரிட்டானியாவின் ஆர்கின் சேற்றுத் திட்டுகளில் குளிர்காலம் கழித்து, வடகடலின் தென்கிழக்கு ஓரத்துச் சேற்றுப் பரப்பான வாடன் கடலில் இளைப்பாறி, சைபீரியாவின் தைமிர் நிலப்பகுதிக்குப் போகிறவை அவை. மே முதல் வாரங்களில் பொமரின் ஸ்குவா என்னும் கடற்பறவைகளுக்காகவே ஆட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள்; கரண்டிக் காம்பு போல் முறுக்கிய வால் இறகுகளோடு ஏழெட்டுச் சேர்ந்து போனால் அன்று மாலை நிலையத்தில் வேறு பேச்சே இருக்காது. பகலில் வலசை போகும் தகைவிலான்களை எண்ணுபவர்கள், எதிர்க்காற்று மிதமாக வீசும் நாளையே விரும்புவார்கள். அப்போது அவை அலையை ஒட்டித் தாழப் பறந்து வருவதால் ஒவ்வொன்றையும் எண்ண முடியும். பின்காற்று நாளில் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் போய்விடும்.

மாலையில் நீங்கள் தங்கியிருந்தால் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அன்றைய பொறுப்பாளர் இனங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, ஒவ்வொருவரும் எங்கே எத்தனை கண்டோம் என்று சொல்ல, ஒரே பறவையை இருவர் எண்ணிவிடவில்லை என்று பேசித் தீர்த்த பிறகே எண்ணைப் பதிவேட்டில் எழுதுவார்கள். வலையில் சிக்கியது எவ்வளவு, கடந்து போனது எவ்வளவு, தரையில் இருந்தது எவ்வளவு என்று தனித்தனியே குறிப்பதுண்டு. இதில் சில சமயம் நடக்கும் வாக்குவாதம் தனிச் சுவையுடையது.

மீண்டும் கிடைப்பது பற்றி: சிறு பறவைகளில் ஆயிரத்துக்கு ஒரு சிலவே வேறிடத்தில் கண்டறியப்படுகின்றன. ஆனால் அந்த ஒரு சிலவே போதுமான நேரங்கள் உண்டு. 1911 மே மாதம் ஸ்டாஃபர்ட்‌ஷையரில் ஒருவர் தம் வீட்டில் வளையமிட்ட தகைவிலான் ஒன்று 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கிடைத்தது. பிரிட்டனின் தகைவிலான்கள் குளிர்காலத்தில் எவ்வளவு தொலைவு போகின்றன என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். வட அயர்லாந்தின் கோப்லண்ட் தீவில் 1953இல் முழுவளர்ச்சி அடைந்த பறவையாக வளையமிடப்பட்ட மேங்ஸ் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவை ஒன்று 2003இல் அதே தீவில் உயிரோடு மீண்டும் பிடிபட்டது. ஐம்பது ஆண்டுகளில் அதன் வளையம் தேய்ந்து மாற்றப்பட்டிருக்கும், ஆனால் பறவை அதுவே. எத்தனை பேர் உட்கார்ந்து எத்தனை ஷியர்வாட்டர்களை எண்ணினாலும் இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

கோடிக்கரை உள்ளான் எழுதியது:

நல்ல உரையாடல். நம் ஊரிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு என்பதால் சில வரிகள் சேர்க்கிறேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் சலீம் அலியின் வழிகாட்டலில் வலசைப் பறவைகளுக்குப் பெருமளவில் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் தொடக்கத்தில் அதற்கு உதவியதற்குக் காரணம் பறவைகள் மீதான பற்று அன்று, அவற்றின் உடலில் ஒட்டிவரும் உண்ணிகள் நோய் பரப்புமோ என்ற கவலை. கோடியக்கரை அந்தப் பணியின் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. அங்கு பறவை பிடித்தவர்களுள் பீகாரின் மரபுவழிப் பறவை பிடிப்பாளர்களான மீர்ஷிகார்களும் இருந்தார்கள். சேற்றுத் தரையில் ஓர் உள்ளான் அடுத்து எங்கே கால் வைக்கும் என்பதை அறிந்து கண்ணி வைப்பவர்கள் அவர்கள். சந்தைக்குப் பிடிக்கக் கற்ற கலை அறிவியலுக்குப் பயன்பட்டது.

நம் கரையில் வசந்தம் என்பது புறப்பாட்டுக் காலம். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் வளைமூக்கு உள்ளான்கள் சாம்பல் நிறத்தை உதிர்த்துச் செங்கல் நிறத்துக்கு மாறிக் கொழுத்துத் திரிவதைக் கோடியக்கரைச் சேற்றிலும் உப்பளங்களிலும் பார்க்கலாம். நண்பர் ஆலா சொன்ன பட்டைவால் மூக்கன்கள் போகும் தைமிர்தான் இந்த உள்ளான்களும் கூடு கட்டும் நிலங்களுள் ஒன்று. கோடியக்கரையில் வளையமிட்ட வளைமூக்கு உள்ளான்கள் பழைய சோவியத் நாட்டில் கிடைத்ததன் மூலம்தான் அந்தத் தொடர்பு கைக்குக் கிடைத்தது. அதே ஏப்ரலில் நிறம் மாறாமல் மெலிந்தபடி நிற்கும் உள்ளான்களும் இருக்கும். அவற்றுள் பல, முதலாண்டுப் பறவைகள்; வடக்கே போகாமல் கோடைக்காலம் முழுவதும் இங்கேயே தங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் குறிக்காமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதினால், மே மாதத்தில் எஞ்சியவற்றை வலசை தவறியவை என்று பிறழ நினைக்க நேரும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி உரிய அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிக்கக் கூடாது. எனவே ஆர்வலர்கள் வலை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடலாம். எண்ணும் பணிக்கோ அனுமதி வேண்டியதில்லை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கெடுப்பவர்கள் அதே இடத்தை, அதே நேர அளவில், பிப்ரவரி முதல் மே வரை வாரம் ஒருமுறை எண்ணி இ-பேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் பதிவேற்றினாலே புறப்பாட்டின் வரைபடம் ஒன்று கிடைக்கும்.

வளையமோ, காலில் மாட்டும் சிறு நிறப் பட்டையான வண்ணக் கொடியோ உள்ள உள்ளானைக் கண்டால், எந்தக் காலில் இருக்கிறது, கால் மூட்டுக்கு மேலா கீழா, இரண்டு கொடிகள் இருந்தால் மேலே எந்த நிறம் கீழே எந்த நிறம், எழுத்துகள் தெரிகின்றனவா என்பவற்றை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் அழித்துவிடாமல், நாளும் இடமும் குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கொடி நிறங்களின் வரிசையே எந்த நாட்டில், எந்தக் கரையில் இட்டது என்பதைச் சொல்லிவிடும்.